ஒரு பக்கம் மட்டும் இறுகும் கீல்: பழுதா, இயல்பா?

"புது லேப்டாப்பின் மூடியைத் திறக்கும்போது வலப்பக்கம் இறுக்கமாக இருக்கிறது. மூடினால் அந்தப் பக்கம் மயிரிழை இடைவெளி. பழகப் பழகச் சரியாகிவிடுமா?" ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

கதவுக் கீலுக்கு உராய்வு தொல்லை. லேப்டாப் கீலுக்கு, அதாவது ஹிஞ்சுக்கு, உராய்வுதான் பிழைப்பே. பல மாடல்களில் எஃகு ஷாஃப்ட் ஒன்றில் மெல்லிய வாஷர்கள் வரிசையாகக் கோத்திருக்கும். ஒன்று ஷாஃப்டோடு சுழலும், அடுத்தது சட்டத்தோடு நிற்கும். கிண்ணம்போல் குழிந்த ஸ்பிரிங் வாஷர்களும் நுனியிலுள்ள நட்டும் அந்த அடுக்கை அழுத்திப் பிடிக்கும்.

இந்தப் பிடிப்பு ஏறத்தாழ எல்லாக் கோணத்திலும் ஒன்றுதான். மூடியின் எடை தரும் திருப்புத்திறனோ, அதாவது கீலைச் சுற்றித் திருப்பும் வலிமையோ, கோணத்துக்குக் கோணம் மாறும். மூடி 400 கிராம், உயரம் 22 செ.மீ. என்று கொள்வோம். எடை 4 நியூட்டன். ஈர்ப்பு மையம் கீலிலிருந்து 11 செ.மீ. படுத்திருக்கையில் 0.44 நியூட்டன் மீட்டர், 45 டிகிரியில் 0.31, செங்குத்தில் பூஜ்யம், 110 டிகிரியில் 0.15. ஆக, வழக்கமாக வேலை செய்யும் கோணத்தில் திரை அசையாமல் நிற்பதை வைத்துக் கீல் நலமென்று சொல்லிவிட முடியாது. 45 டிகிரியில் நிறுத்திக் கையை எடுத்துப் பாருங்கள். கடைசி 15, 20 டிகிரியில் தானாக மூடிக்கொண்டால் பயம் வேண்டாம். பல கீல்களில் அதற்கென்றே ஒரு சரிவு வெட்டியிருக்கும்.

திறக்கும்போது மூடி விட்டுவிட்டு உதறுகிறதா? நகரத் தொடங்குமுன் உள்ள நிலை உராய்வு, நகரும்போதுள்ள இயக்க உராய்வைவிட மிக அதிகமானால் அப்படித்தான்: ஒட்டும், வழுக்கும், மறுபடி ஒட்டும். வாஷர்களுக்கிடையில் தடவும் கிரீஸின் வேலை இரண்டையும் நெருக்கமாகக் கொண்டுவருவது. உராய்வியல் என்று தனித்துறைக்கே பெயர் வந்தது 1966-இல், உராய்வு, தேய்மானம் பற்றி பிரிட்டனில் வெளியான ஜோஸ்ட் அறிக்கையால்தான். இன்றும் ஒரு ஜோடிப் பரப்பின் உராய்வுக் குணகத்தை, அதாவது அவை எவ்வளவு உராயும் என்ற எண்ணை, சோதிக்காமல் கணக்கிட்டுச் சொல்ல வழியில்லை. ஆராய்ச்சிப் பணமோ பகட்டான துறைகளுக்கே போகிறது என்பது என் ஆதங்கம்.

இனி அந்த வலப்பக்கம். தளர்ந்த கீல் எரிச்சல் தரும். இறுகிய கீல்தான் உடைக்கும். மூடியை நடுவில் பிடித்துத் தூக்கும்போது ஒரு கீல் இணங்க, மற்றது மறுக்க, மூடி முறுக்கிக்கொள்கிறது. அந்த விசை பிளாஸ்டிக்கில் பதித்த பித்தளைத் திருகு உறைகளில் இறங்குகிறது. உறை பிடுங்கிக்கொண்டு வந்தால் உடலோரம் விரியும். தேய்ந்து பழகும்வரை பிளாஸ்டிக் காத்திருக்காது.

இடைவெளியை அளக்கச் சாதாரண பிரிண்டர் தாள் (80 ஜிஎஸ்எம்) போதும். ஒன்று சுமார் 0.1 மி.மீ. சமதளத்தில் வைத்து, மூடிய நிலையில் இரு முனையிலும் எத்தனை தாள் நுழைகிறதென்று எண்ணுங்கள். இரண்டு மூன்று தாள் வித்தியாசத்தை நான் பொருட்படுத்த மாட்டேன். பத்துத் தாள் என்றால் கீல் கோணலாகப் பொருந்தியிருக்கிறது, அல்லது உடல் வளைந்திருக்கிறது. திறக்கையில் திரைச்சட்டம் கீலருகே பிதுங்கினாலும், குறிப்பிட்ட கோணத்தில் திரை மினுங்கினாலும் தாளெல்லாம் வேண்டாம், பழுதேதான். மினுங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் கீல் வழியே போகும் டிஸ்ப்ளே கேபிள்.

எண்ணெய் விடாதீர்கள், பிடிப்பே போய்விடும். நட்டைத் திருகினால் வாரண்டியில் தகராறு வரலாம். மாற்றித்தரக் கேட்குமுன் பக்கவாட்டிலிருந்து ஒரு வீடியோ, பின்புறத்திலிருந்து ஒன்று, மெதுவாகத் திறந்து எடுத்துவையுங்கள். மூடியின் முறுக்கு பின்புற வீடியோவில்தான் தெரியும்.