டெரேச்சோ: சுழலாத சூறை

இடிமேகங்கள் வரிசைகட்டி, போகிற வழியெங்கும் பலத்த காற்றை இறக்கியபடி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடந்தால் அதை டெரேச்சோ என்கிறார்கள். ஸ்பானிய மொழியில் இச்சொல்லுக்கு ‘நேரான’ என்று பொருள். ‘உரிமை’, ‘சட்டம்’ என்பனவும் அதே சொல்தான். பெயர் வைத்தவரோ ஸ்பானியர் அல்லர். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகப் பேராசிரியர் குஸ்டாவஸ் ஹின்ரிக்ஸ், இன்றைய ஜெர்மனியிலுள்ள ஹோல்ஸ்டைனில் பிறந்தவர். 1877 ஜூலை 31 அன்று அயோவாவைக் கடந்த காற்று டொர்னேடோபோலச் சுழன்றடிக்கவில்லை, நேராகப் பாய்ந்தது என்று காட்டி, 1888இல் எழுதிய கட்டுரையில் இப்பெயரைச் சூட்டினார். அதன்பின் சொல் ஏறக்குறைய நூறாண்டு தூங்கியது. 1987இல் அமெரிக்க வானிலையாளர்கள் ராபர்ட் ஜான்ஸ், வில்லியம் ஹர்ட் இருவரும் அதை மீட்டு, சேதப்பாதை குறைந்தது 400 கிலோமீட்டர், காற்று மணிக்கு 93 கிலோமீட்டருக்குக் குறையாமல் என்று அளவுகோலும் வகுத்தார்கள்.

சிக்கல் அந்த அளவுகோலிலேயே இருக்கிறது. 400 கிலோமீட்டர் ஓடி முடித்த பிறகுதான் ஒரு காற்றை உறுதியாக இப்பெயரால் அழைக்க முடியும். முன்னறிவிப்பாளரோ அது புறப்படும் முன்பே சொல்லியாக வேண்டும். அவர் தேடுவது சில அறிகுறிகளை: தரையருகே தேங்கிய வெப்பமும் ஈரமும், உயரே வறண்ட காற்று, உயரத்துக்கேற்ப மாறும் காற்றுவேகம். மழைத்துளிகள் வறண்ட காற்றில் ஆவியாகும்போது காற்று குளிர்ந்து, கனத்து, கீழே விழுந்து பரவுகிறது. அதன் முன்விளிம்பு எதிரிலுள்ள வெப்பக்காற்றை மேலே தள்ள, புதிய இடிமேகம் எழுகிறது. இந்தச் சங்கிலி அறுபடாமல் நீளுமா என்பதைத்தான் கணினி மாதிரிகள் பலமுறை தவறவிடுகின்றன. 2020 ஆகஸ்ட் 10 அன்று ஏறத்தாழ 1,240 கிலோமீட்டரை 14 மணி நேரத்தில் கடந்து, அயோவாவின் சீடர் ராப்பிட்ஸ் நகரைச் சிதைத்த காற்றின் உக்கிரம் முந்தைய நாள் முன்னறிவிப்பில் தெரியவில்லை. ரேடாரில் மேகவரிசை வில்லாக வளையத் தொடங்கிவிட்டால் ஐயம் குறையும். ஆனால் தப்பிக்கக் கிடைப்பது சில மணி நேரமே.

தமிழில் இதைச் ‘சூறாவளி’ என்று எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. சுழலாதது என்று காட்டவே பிறந்த சொல்லைச் சுழலவைப்பதாகிவிடும். ‘புயல்’ என்றால் நமக்கு வங்கக் கடல்தான் நினைவுக்கு வரும். ‘நேர்ச்சூறை’ எனலாம். பழைய அகராதிகள் சூறைக்குச் சுழல்காற்று என்றும் பொருள் தருவது உண்மைதான். ஆனால் ‘சூறைக்காற்றில் வாழைகள் சாய்ந்தன’ என்று செய்தித்தாளில் படிக்கும் எவரும் இன்று சுழலை நினைப்பதில்லை. முதன்முறை வருமிடத்தில் டெரேச்சோ என்பதையும் அருகில் சேர்த்துக்கொள்வது நல்லது.