பிராண்ட்: சூடு, சாப்பு, பொறி

தேடுபொறிச் சந்தையைப் பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்கும் வேலை சென்ற மாதம் என்னிடம் வந்தது. இரண்டாம் வரியிலேயே முட்டிக்கொண்டேன். ‘பிராண்ட்’ என்பதற்கு என்ன எழுதுவது? எனக்கு முன் ஒருவர் செய்திருந்த வரைவில் ‘வணிகச் சின்னத்தின் வலிமை’ என்று இருந்தது. படித்தபோது, வண்ண எழுத்தில் வரைந்த படம் ஒன்று தோள்தட்டி நிற்பதுபோல் இருந்தது. சின்னம் கண்ணுக்குத் தெரிவது. கட்டுரை பேசியதோ மனத்துக்குள் இருப்பதைப் பற்றி.

ஆங்கிலச் சொல் நெருப்பில் பிறந்தது. பழைய நார்ஸ் மொழியிலும் பழைய ஆங்கிலத்திலும் அதன் மூலச்சொல்லுக்குக் கொள்ளிக்கட்டை என்று பொருள். பிறகு, காய்ச்சிய இரும்பால் மாட்டின் தொடையில் வைக்கும் சூட்டுக்கும், குற்றவாளியின் உடலில் சுட்ட தழும்புக்கும் அது பெயரானது. பீப்பாய்களின் மேல் சுட்ட அடையாளத்தின் வழியாக 19ஆம் நூற்றாண்டில் சரக்கின் மேல் ஏறியது. ‘இந்த மாடு யாருடையது’ என்று கேட்ட சொல், ‘இந்தச் சரக்கு யாருடையது’ என்று கேட்கத் தொடங்கியது.

இதற்கு இணையாக நம் வட்டாரத்தில் ஒரு சொல் முன்பே புழங்கியது: சாப்பு. முத்திரையைக் குறிக்கும் இந்திச் சொல் ‘சாப்’ மலாய்க்குப் போனது, துறைமுக ஆங்கிலத்துக்கும் போனது. ரப்பர் முத்திரையைச் ‘சாப்’ என்று சொல்வது இங்கே சிங்கப்பூரில் இன்றும் வழக்கம். மலாயில் அதே சொல்தான் சரக்கின் அடையாளத்துக்கும். ‘சாப் காப்பாக்’ என்றால் கோடாலிச் சாப்பு. அதையே நாம் கோடாலித் தைலம் என்கிறோம். 1928 முதல் சிங்கப்பூரில் இருக்கும் பெயர் அது. எழுத்தறியாதவருக்கும் கோடாலிப் படம் தெரியும். ஊருக்குப் புறப்படும்போது என் அத்தை தொலைபேசியில் ஒருமுறைகூட ‘தலைவலித் தைலம் வாங்கி வா’ என்று சொன்னதில்லை. “கோடாலி நாலு போத்தல்” என்பார். அதே நெடி, அதே எரிச்சல், பாதி விலை என்று வேறொன்றை ஒருமுறை வாங்கிப்போனேன். அது அலமாரியிலேயே கிடந்தது.

இன்னும் பழைய சொல் ஒன்றும் உண்டு. காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் சுங்கம் கொண்டு, சரக்குகளின்மேல் சோழரின் புலி அடையாளத்தை இட்டு வெளியே அனுப்பியதைப் பட்டினப்பாலை ‘புலி பொறித்துப் புறம் போக்கி’ என்கிறது. பொறித்தால் பொறி. அதே பொறிதான் தீப்பொறி. எலிப்பொறியும் அதுவே. இயந்திரத்துக்கும் அதைத்தான் சொல்கிறோம், தேடுபொறி என்கிறோமே! நெருப்பும் முத்திரையும் ஒரே சொல்லுக்குள் இருப்பது ஆங்கிலத்துக்கு மட்டும் வாய்த்ததில்லை. பிராண்டுக்கு ‘வணிகப்பொறி’ என்று எழுத எனக்குக் கை அரித்தது. ஆனால் ‘தேடுபொறியின் வணிகப்பொறி’ என்று அச்சில் வந்தால் வாசகர் இயந்திரம் என்று நினைப்பார், அல்லது கண்ணி என்று நினைப்பார். இரண்டாவது நினைப்பு முழுக்கத் தவறும் அல்ல. இருந்தாலும் கைவிட்டேன்.

சரி, தேடுபொறிக்கும் பெயருக்கும் என்ன உறவு? 2007இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே தேடல் முடிவுகளை நான்கு பெயர்களின் கீழ் காட்டினார்கள்: கூகுள், யாஹூ, எம்எஸ்என், யாரும் கேள்விப்படாத ஒன்று. முடிவுகளில் மாற்றமே இல்லை. பார்த்தவர்கள் தந்த மதிப்பெண்கள் மட்டும் பெயருக்கு ஏற்ப மாறின. என் அத்தையைத் தனியாகக் குறை சொல்ல முடியாது என்று அப்போது தெரிந்தது.

பெயர் மட்டும்தான் காரணமா என்றால், இல்லை. உணவங்காடியில் மேசைமேல் டிஷ்யூ பொட்டலம் வைத்து இடம்பிடிக்கிறோமே, அதைச் ‘சோப்’ செய்வது என்கிறோம் (குளிக்கும் சோப்பு அல்ல, சாப் என்பதன் திரிபுதான் என்பார்கள்). கைப்பேசியிலும் உலாவியிலும் முதல் தேடல் பெட்டி யாருடையது என்பதும் அப்படிப் பிடித்துவைக்கும் இடம்தான். அந்த இடங்களுக்காக 2021இல் மட்டும் கூகுள் செலுத்திய தொகை 26.3 பில்லியன் அமெரிக்க டாலர். அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில் வெளிவந்த கணக்கு இது. அந்த வழக்கில் நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்ட் மாதம், கூகுள் தன் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்துக்கொண்டது என்று தீர்ப்பளித்தார். 2020இல் அமெரிக்கப் பொதுத் தேடலில் அதன் பங்கு 89.2 விழுக்காடு.

பெயருக்கு அவ்வளவு செல்வாக்கு இருந்தால் டிஷ்யூ பொட்டலத்துக்கு ஏன் இத்தனை பில்லியன்? எனக்கு இந்த வழக்கில் பிடித்த கேள்வி இதுதான். விடை இரு பக்கமும் இழுக்கிறது. மைக்ரோசாப்டின் எட்ஜ் உலாவியில் அதன் சொந்தத் தேடுபொறியான பிங்தான் முதலில் நிற்கும். அங்கே தேடல்களில் ஏறக்குறைய 80 விழுக்காடு பிங்குக்கே போகிறது என்று அந்த வழக்கில் பதிவாகியிருக்கிறது. உட்கார்ந்த மேசையிலேயே சாப்பிடுகிறவர்கள் அத்தனை பேர். ஆனால் 2014இல் பயர்பாக்ஸ் உலாவி அமெரிக்காவில் கூகுளை எடுத்துவிட்டு யாஹூவை வைத்தபோது, பலர் மெனக்கெட்டுப் பழையதைத் தேடிப்போனார்கள். 2017இல் பயர்பாக்ஸும் கூகுளிடமே திரும்பியது. 2021இல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் கூகுளின் வழக்கறிஞர் இன்னும் ஒருபடி மேலே போனார்: பிங்கில் மக்கள் மிக அதிகமாகத் தேடும் சொல்லே ‘கூகுள்’தான் என்றார்.

வரிசை நீளமாக இருக்கும் கடையில் போய் நிற்பது நம் ஊர்க் குணம். என்ன விற்கிறார்கள் என்பதை நின்ற பிறகு விசாரிப்போம். தேடுபொறியில் கூடுதல் சிக்கல், வரிசையே சமையலைத் திருத்துகிறது. எதைத் தேடினார்கள், எதைச் சொடுக்கினார்கள் என்ற தகவலை வைத்துத்தான் முடிவுகள் செம்மையாகின்றன. பெயர் கூட்டத்தைச் சேர்க்கிறது, கூட்டம் தரத்தைக் கூட்டுகிறது, தரம் பெயரை வளர்க்கிறது. புதிதாகக் கடை போடுகிறவர் எந்த முனையிலிருந்து தொடங்குவார்?

பெயர் மிஞ்சிப்போனால் உரிமையாளருக்கே தலைவலி. ‘கூகுள்’ 2006இல் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியில் வினைச்சொல்லாக ஏறியது. தமிழ் இணையத்தில் ‘கூகுளிட்டுப் பார்’ என்கிறார்கள். ‘கூகுளாண்டவர்’ என்று கோவிலும் கட்டியாகிவிட்டது. நகலெடுப்பதைத் தமிழ்நாட்டில் ஜெராக்ஸ் என்பார்கள், நாம் போட்டோஸ்டேட் என்போம். இரண்டும் நிறுவனப் பெயர்களே. ஒரு பெயர் முழுக்கப் பொதுச்சொல்லாகிவிட்டால் வணிகக்குறி உரிமையே பறிபோகலாம். அமெரிக்காவில் ஆஸ்பிரினும் எஸ்கலேட்டரும் அப்படிப் போனவை. கூகுளுக்கும் அந்த வழக்கு வந்தது. வினைச்சொல்லாகப் புழங்குவதால் மட்டும் உரிமை போய்விடாது என்று 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இனி என் தீர்மானம். சட்டத்தில் பதிவு செய்யும் அடையாளத்துக்கு வணிகக்குறி. வரைந்த படத்துக்கு இலச்சினை. பிராண்ட் என்ற பொதுப்பொருளுக்கு வணிகப்பெயர் போதும். ‘பேர் எடுத்த கடை’, ‘பேர் கெட்டுப்போச்சு’ என்றெல்லாம் நம் பேச்சிலேயே அந்தப் பொருள் ஊறியிருக்கிறது. முந்தைய வரைவு தடுமாறிய இடத்துக்குப் ‘பெயர்ச் செல்வாக்கு’ என்று எழுதினேன். செல்லும் வாக்கு செல்வாக்கு. எந்தப் பெயரைச் சொன்னால் பேச்சு எடுபடுகிறதோ அந்தப் பெயருக்கு உள்ளது.

‘தேடுபொறிகளின் போட்டியில் பெயர்ச் செல்வாக்கு’ என்று தலைப்பிட்டு அனுப்பினேன். மறுநாள் வந்த பதிலில் ஒரே ஒரு திருத்தம்: ‘தேடுபொறி’ புரியாமல் போகலாம், ‘கூகுள் போன்றவை’ என்று போடலாமா?