“நாடகத்தில் சேர்த்தால் பேச்சு வந்துவிடுமா?”

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் சிறப்புக் கல்வியாளராகப் பணியாற்றும் என்னிடம், நாடகப் பயிற்சிக்குப் பிள்ளையை அழைத்துவரும் பெற்றோர் பெரும்பாலும் முதலில் கேட்பது இதைத்தான்: “டீச்சர், நாடகத்துல சேத்துவிட்டா இவனுக்குப் பேச்சு வந்துருமா?” கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. குழந்தை பிறந்த நாளிலிருந்து மருத்துவமனை, பயிற்சி மையம், நேர்த்திக்கடன் என்று அலைந்த குடும்பம் எதையும் சிகிச்சையாகவே பார்க்கப் பழகியிருக்கும். நாடகப் பயிற்சியால் சிலருக்கு மூச்சைக் கையாள்வதும் எதிரில் இருப்பவர் முகம் பார்ப்பதும் கூட்டத்தில் நிற்பதும் எளிதாவது உண்மை. ஆனாலும் காரைக்குடி பாணி என்று வீணைக்கே ஒரு பாணியைத் தந்த ஊரில், மகளை வீணை வகுப்பில் சேர்ப்பவர் யாரும் ‘விரல் வலுப்பெறுமா’ என்று கேட்பதில்லை. மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு மட்டும் கலை மருந்தாக இருந்தாக வேண்டும் என்ற எதிர்பார்ப்பு எங்கிருந்து வருகிறது, அதை உலகின் பல ஊர்களில் மாற்றுத்திறனாளிக் கலைஞர்கள் எப்படி உடைத்தார்கள் என்பதை நம் ஊர்ப் பெற்றோரும் விழாக் குழுவினரும் அறிந்திருப்பது நல்லது.

பிரிட்டனில் 1976ஆம் ஆண்டு, உடல் ஊனமுற்றோர் சிலர் சேர்ந்து நடத்திய ஓர் அமைப்பு, தங்களை முடக்குவது தங்கள் உடல் அன்று, தங்களை எண்ணிப் பார்க்காமல் கட்டப்பட்ட சமூகமே என்ற கருத்தை எழுதி வெளியிட்டது. பின்னாளில் சமூக மாதிரி என்று அறியப்பட்ட இந்தச் சிந்தனை, கலைஞர்களின் கைக்கு வந்தபோது வேறொரு வலிமை பெற்றது. 1980இல் நபீல் ஷபானும் ரிச்சர்ட் டாம்லின்சனும் கிரே-ஐ நாடகக் குழுவைத் தொடங்கினர். ஒரே கண்ணையும் ஒரே பல்லையும் தமக்குள் பகிர்ந்துகொண்ட மூன்று சகோதரிகளைப் பற்றிய கிரேக்கப் புராணக் கதையிலிருந்து எடுத்த பெயர் அது. நடிப்புப் பள்ளிகள் சேர்த்துக்கொள்ளாத மாற்றுத்திறனாளிகளே அதன் நடிகர்கள். வித்தியாசமான உடல்களைக் காசுக்குக் காட்டிய பழைய வேடிக்கைக் காட்சிகளையே தங்கள் முதல் நாடகத்தின் பொருளாக அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பார்க்கப்பட்டவர்கள் பார்த்தவர்களைத் திருப்பிப் பார்க்கத் தொடங்கியது அங்கேதான்.

1992இல் லண்டனில், மாற்றுத்திறனாளிகளுக்காக நன்கொடை திரட்டிய ஒரு நீண்ட தொலைக்காட்சி நிகழ்ச்சியை எதிர்த்து, அதே மாற்றுத்திறனாளிகள் நிலையத்தின் வாசலில் பெருந்திரளாகக் கூடினார்கள். பரிதாபத்தைக் காட்டிப் பணம் கேட்பது எங்களை அவமதிப்பது என்பதே அவர்கள் சொன்னது. அந்த நிகழ்ச்சி பிறகு நடக்கவில்லை. பாடகர்களும் நகைச்சுவைக் கலைஞர்களும் நாடகக்காரர்களும் அந்தப் போராட்டத்தில் முன்னால் நின்றார்கள். 1995இல் பிரிட்டனில் மாற்றுத்திறனாளிகளைப் பாகுபடுத்துவதற்கு எதிரான சட்டம் வந்ததற்குப் பின்னணியில் இவர்களின் பாட்டும் உண்டு. இதைப் படிக்கும்போதெல்லாம், டிசம்பர் 3ஆம் நாள் நம் ஊர்களில் நடக்கும் மாற்றுத்திறனாளிகள் தின விழாக்கள் நினைவுக்கு வருகின்றன: ஒரு திரைப்பாட்டுக்கு ஐந்து நிமிட நடனம், சிறப்பு விருந்தினரின் கண்ணீர், ஒரு பொன்னாடை, பிறகு மதிய உணவு.

கிரே-ஐ குழுவின் கலை இயக்குநராக 1997இல் பொறுப்பேற்ற ஜென்னி சீலி, காது கேளாதவர். 2012 லண்டன் பாராலிம்பிக் தொடக்க விழாவை இயக்கிய இருவரில் ஒருவர். அவருடைய குழு செய்த முக்கியமான மாற்றம் என்று நான் கருதுவது, அணுகல் வசதியை நாடகத்தின் ஓரத்தில் வைக்காமல் உள்ளே கொண்டுவந்ததைத்தான். சைகை மொழிபெயர்ப்பாளர் மேடையின் மூலையில் கறுப்புச் சட்டையோடு நிற்பதற்குப் பதிலாக ஒரு பாத்திரமாகவே கதைக்குள் நடமாடுவார். பார்வையற்றவருக்கான காட்சி விவரிப்பு காதுக்கருவியில் தனியே ஓடாமல், பாத்திரங்களின் வசனத்திலேயே கலந்துவரும். இப்படிச் செய்தால் நாடகத்தின் வடிவமே மாறுகிறது. பார்வையும் கேட்கும் திறனும் உள்ளவர்களுக்கும் அது புதிய நாடகமாகிறது.

அமெரிக்காவில் இந்தப் பாதை காது கேளாதோரிடமிருந்து தொடங்கியது. 1967இல் அங்கே காது கேளாதோருக்கான தேசிய நாடகக் குழு பிறந்தது. அதன் தொடக்ககால நடிகையரில் ஒருவரான ஃபிலிஸ் ஃப்ரெலிக், 1980இல் அமெரிக்க நாடக உலகின் உயரிய விருதான டோனியைச் சிறந்த நடிகைக்காகப் பெற்றார். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 1991இல் தொடங்கிய டெஃப் வெஸ்ட் குழு, ஒரு பாத்திரத்தைச் சைகையில் ஒருவரும் குரலில் ஒருவருமாக இருவர் ஏற்கும் முறையைச் செம்மைப்படுத்தி, நியூயார்க்கின் புகழ்பெற்ற பிராட்வே அரங்குகள் வரை 2003இலும் 2015இலும் கொண்டுசென்றது. 2015ஆம் ஆண்டு நாடகத்தில்தான் அலி ஸ்ட்ரோக்கர், சக்கர நாற்காலியில் பிராட்வே மேடையேறிய முதல் நடிகையானார். 2019இல் அவரே டோனி விருது பெற்றபோது, பார்வையாளர் இருக்கையிலிருந்து மேடைக்குச் சாய்தளம் இல்லாததால், மேடையின் பின்புறம் காத்திருந்து வந்து விருதை வாங்க வேண்டியிருந்தது. அவ்வளவு பணம் புரளும் அரங்கிலும் அந்த இடைவெளி இருந்திருக்கிறது என்பதை விழாக் குழுவினரிடம் நான் அடிக்கடி சொல்வதுண்டு; அவர்களைத் தேற்றுவதற்காக அன்று.

அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் நாடகத்தை ‘உருவாக்க’ முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஆஸ்திரேலியாவின் ஜீலாங் நகரில் இயங்கும் பேக் டு பேக் குழுவைக் காட்டுவேன். பிள்ளையார்பட்டிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி: 2011இல் அவர்கள் மேடையேற்றிய ஒரு நாடகத்தின் நாயகர் பிள்ளையார்தான். நாஜிகள் எடுத்துக்கொண்ட ஸ்வஸ்திகத்தை மீட்க அவர் ஜெர்மனிக்குப் போகிறார். அந்தக் கதையின் ஊடே, நாடக ஒத்திகை ஒன்றும் நடக்கிறது. யாருடைய கதையை யார் சொல்லலாம், ஓர் இயக்குநர் தன் நடிகர்களிடம் எவ்வளவு அதிகாரம் செலுத்தலாம் என்று நடிகர்களே மேடையில் சண்டையிடுகிறார்கள். அந்தக் குழு 2022இல் நார்வேயின் சர்வதேச இப்சன் விருதையும் 2024இல் வெனிஸ் நாடக விழாவின் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கத்தையும் பெற்றது.

இந்தியாவில் பார்வையற்ற நடிகர்களைக் கொண்டு கொல்கத்தாவில் 1990களில் உருவான பிளைண்ட் ஓபரா குழு முன்னோடி. சுதா சந்திரன் 1981இல் தமிழ்நாட்டில் நடந்த பேருந்து விபத்துக்குப் பின் காலை இழந்து, ஜெய்ப்பூர்க் கால் பொருத்தி மீண்டும் பரதம் ஆடியதை நம்மில் பலர் அறிவோம். ஆனால் அவர் கதையை நாம் சொல்லும் விதத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது: ‘எப்படி மீண்டார்’ என்று வியக்கும் நாம், அவர் ஆட்டத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

நம் மரபில் இதற்கெல்லாம் வேரே இல்லை என்று நினைக்க வேண்டாம். இளஞ்சூரியர், முதுசூரியர் என்னும் இரட்டைப் புலவர்களில் ஒருவருக்குக் கண் தெரியாது, மற்றவருக்குக் கால் வராது. கண் தெரியாதவர் கால் வராதவரைச் சுமக்க, இருவரும் ஊர் ஊராகச் சென்று, வெண்பாவின் முதல் இரண்டடியை ஒருவரும் பின்னிரண்டடியை மற்றவரும் பாடினார்கள். சிறு வயதில் அம்மையால் பார்வை இழந்த பழனி மாம்பழக் கவிச்சிங்க நாவலரை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆதரித்தவர் நம் பக்கத்து இராமநாதபுரச் சமஸ்தானத்தின் பொன்னுசாமித் தேவர். இவர்களுக்கு அவை தந்தது பாட்டுக்கான பரிசில். மறுபக்கமும் உண்டு. கம்பன் விழா நடக்கும் காரைக்குடியில் கூனியை அறியாதவர் இல்லை. அவள் கொடுமனத்தாள் என்று எல்லோரும் சொல்வோம். இளம் பருவத்தில் இராமன் விளையாட்டாக வில்லில் வைத்து எறிந்த மண்ணுருண்டை தன் முதுகில் பட்டதை அவள் மறக்கவில்லை என்று மந்தரை சூழ்ச்சிப் படலத்தில் கம்பன் எழுதியிருப்பதை மேடைகளில் யாரும் நின்று பேசி நான் கேட்டது குறைவு. எங்கள் மாற்றுத்திறனாளி நாடகக் குழுவில் முதுகுத்தண்டு வளைந்த ஒரு பெண்ணுக்கு அந்த இடத்தைப் படித்துக் காட்டியபோது, அவள் சட்டென்று, “அப்ப அவ கோவம் நியாயந்தான?” என்றாள். அந்தக் கேள்வியிலிருந்து ஒரு காட்சி வளர்ந்தது.

செட்டிநாட்டுத் திருவிழாக்களில் இன்றும் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகம் இந்த வேலைக்கு மிகவும் ஏற்ற வடிவம் என்பது என் அனுபவம். நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பாடல்களை நம்பி நிற்கும் அந்த நாடகத்தில், வருபவர் யார், எங்கிருந்து வருகிறார், என்ன கோலத்தில் வருகிறார் என்பதை நடிகர் பாட்டாகவோ வசனமாகவோ சொல்லிவிடுவார். தெருக்கூத்தில் கட்டியக்காரன் அதைச் செய்வான். வெளிநாட்டு அரங்குகள் இன்று பார்வையற்றவர்களுக்காகப் புதிதாக எழுதிச் சேர்க்கும் விவரிப்பு இங்கே முதலிலிருந்தே இருக்கிறது. கண் மங்கிய எத்தனையோ ஆச்சிகளும் ஐயாக்களும் வள்ளி திருமணத்தின் தர்க்கத்தை ஒரு சொல் விடாமல் ரசித்தது இதனால்தான். இவ்வளவு பேச்சை நமக்குத் தந்த சுவாமிகளே இறுதிக் காலத்தில் பக்கவாதத்தால் பேச்சிழந்து, 1922இல் மறைந்தார் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

எங்கள் குழுவின் வள்ளி திருமணக் காட்சியில் தினைப்புனம் காக்கும் வள்ளி சக்கர நாற்காலியில் இருக்கிறாள். முதலில் பரணைத் தனியாகக் கட்டி அவளைத் தூக்கி வைப்பதாக ஒரு யோசனை வந்தது. நாற்காலியிலேயே தினைக்கதிரும் ஓலையும் கட்டி அதையே பரணாக்கி, வேடனும் நாரதரும் தோழியரும் தரையில் அமர்ந்து நடிப்பதென்று நடிகர்களே முடிவு செய்தார்கள். வள்ளி எல்லோரையும் விட உயரத்தில் இருந்தாள். ஆலோலப் பாட்டை ஒருத்தி பாட, காது கேளாத தோழி கவண் சுழற்றும் கைகளாலேயே அதைச் சைகையில் சொல்கிறாள். மிருதங்கத்தை மரப்பலகையின் மேல் வைத்து வாசித்தால் தாளம் அவள் பாதத்துக்கு எட்டிவிடுகிறது. நாரதராக வரும் பார்வையற்ற இளைஞர் வெறுங்காலுடன் நடிக்கிறார். மேடையின் ஓரங்களில் ஒரு முழ அகலத்துக்குத் தேங்காய் நார்ப் பாய் விரித்திருப்போம். பாதத்தில் நார் உரசினால் அதற்கு மேல் போகக் கூடாது. ஆர்மோனியம் எப்போதும் வலப்பக்கம் இருக்கும். அதன் ஒலியை வைத்து அவர் திரும்பும் திசையைப் பார்ப்பவர்கள், அவருக்குப் பார்வை உண்டென்றே முதலில் நினைக்கிறார்கள். வசனத்தை வாட்ஸ்அப் குரல்பதிவாக அனுப்பிவிடுவோம். குழுவில் முதலில் பாடம் செய்து முடிப்பவர் அவர்தான்.

பபூன் வேடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். திக்குவாயையும் செவிட்டையும் நொண்டலையும் காட்டிச் சிரிக்கவைப்பது நம் மேடையிலும் திரையிலும் நெடுநாள் வழக்கம். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் திரைப்படச் சித்திரிப்பு தொடர்பான ஒரு வழக்கில், மாற்றுத்திறனாளிகளை இழிவுபடுத்தும் நகைச்சுவையையும் மாற்றுத்திறன் வாழ்வைப் புரியவைக்கும் நகைச்சுவையையும் பிரித்துக்காட்டி வழிகாட்டுதல் தந்திருக்கிறது. எங்களிடம் திக்கிப் பேசும் ஒருவர் பபூன் வேடத்தைத் தானே கேட்டு வாங்கினார். சொல் எங்கே நிற்கும் என்பது அவருக்குத் தெரியும். அந்த நிறுத்தத்தில் எதிர் நடிகரைத் தவிக்கவிட்டு, சிரிப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறார். தவிக்கும் அந்த எதிர் நடிகரைப் பார்த்துத்தான் கூட்டம் சிரிக்கிறது.

இனி மேடை. திருவிழாப் பந்தலில் மேடை மூன்று நான்கு அடி உயரம் இருக்கும். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளச் சாய்தளம் வேண்டும் என்பது நடைமுறை அளவு. மூன்றடி மேடைக்கே 36 அடி ஆகிவிடும். இதைச் சொன்னதும் பெரும்பாலான குழுவினர், “நாலு பசங்க இருக்காங்க, தூக்கிருவோம்” என்பார்கள். அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் கூட்டத்தின் முன்னால் ஒரு நடிகையைச் சுமந்து ஏற்றிவிட்டால், அதற்குப் பிறகு அவள் எவ்வளவு நன்றாக நடித்தாலும் ஊர் பேசுவது சுமந்ததைப் பற்றியே. மேடையே இல்லாமல் தரையில் ஆடி, மூன்று பக்கமும் மக்களை அமரவைப்பது எளிது. பழைய செட்டிநாட்டு வீடுகளின் வளவு என்னும் நடுமுற்றம் இதற்கென்றே கட்டியது போல் இருக்கிறது: நடுவில் ஆடுகளம், சுற்றுப் பத்திகளில் பார்வையாளர், மேலே வானம். ஆனால் தெருவிலிருந்து திண்ணைக்கு ஏறும் படிகளும் உயர்ந்த நிலைப்படிகளும் அங்கேயும் உண்டு. பலகைச் சாய்தளம் போட்டு முன்வாசல் வழியாகவே நடிகர்களை அழைத்துச் செல்ல வேண்டும் என்பதில் நாங்கள் விட்டுக்கொடுப்பதில்லை. பின்கட்டு வழி சுலபம் என்று எந்த வீட்டில் சொன்னாலும் பதில் இதுதான்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், முந்தைய 1995 சட்டத்தில் ஏழாக இருந்த குறைபாட்டு வகைகளை 21 ஆக்கியது. அதன் 29ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிக் கலைஞர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் வசதியும் நிதி ஆதரவும் தருவது, கலையை அவர்கள் அணுகும்படி செய்வது, கலைப் பாடத்திட்டங்களைத் திருத்தியமைப்பது ஆகியவற்றை அரசின் கடமையாக வகுத்திருக்கிறது. விண்ணப்பம் எழுதும் பெற்றோரும் பள்ளிகளும் இந்தப் பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு எழுதுவது பயன் தரும். ‘கருணை கூர்ந்து’ என்ற தொடரை நீக்கிவிடலாம்.

விழாக் குழுவினருக்குச் சில நடைமுறைச் செய்திகள். மாற்றுத்திறனாளிக் குழுவை அழைப்பதானால் இரவு பத்து மணிக்குப் பிறகு நேரம் ஒதுக்க வேண்டாம். பலருக்கு மருந்து வேளையும் கழிப்பறைத் தேவையும் இருக்கும், சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை எங்கே என்பதை முதலிலேயே பார்த்துச் சொல்லுங்கள். கூம்பு ஒலிபெருக்கியைப் பார்வையாளர் பக்கமாகத் திருப்பாமல் இருந்தால், ஆட்டிசம் உள்ள குழந்தைகளும் வந்து உட்கார்ந்து பார்ப்பார்கள். இடையில் எழுந்து நடந்தாலும் யாரும் அதட்டக் கூடாது. சம்பளத்தை மற்ற நாடகக் குழுவிடம் பேசுவது போலவே பேசி, முன்பணம் கொடுத்து உறுதிசெய்யுங்கள். பொன்னாடை போடுவதாக இருந்தால் அதன் விலையையும் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுத்துவிட்டால் நடிகர்கள் மகிழ்வார்கள். மாசி, பங்குனித் திருவிழாவுக்குத் தேதி கேட்பவர்கள் தை பிறந்ததும் கேட்டுவிட்டால், சைகை மொழிபெயர்ப்பாளர் நாடகத்தைப் படித்து ஒத்திகைக்கு வருவதற்கு நேரம் கிடைக்கும்.