'அட்ஜஸ்ட்' என்னும் வினையும் அதற்குரிய தமிழும்

மூவர் அமரும் பேருந்து இருக்கையின் அருகே நான்காவதாக ஒருவர் வந்து நின்று, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளுங்கள்" என்கிறார். அவர் எதையும் சரிசெய்யச் சொல்லவில்லை. நெருங்கி உட்கார்ந்து இடம் விடச் சொல்கிறார். இந்தச் சொல்லின் வேரும் அந்த நெருக்கத்தில்தான் இருக்கிறது.

இலத்தீனில் 'யுக்ஸ்தா' என்றால் அருகில் என்று பொருள். அதனோடு 'அத்' என்னும் முன்னொட்டு சேர்ந்து, அருகே கொண்டுவருதல் என்ற பொருளில் பிற்கால இலத்தீனில் ஒரு வினை பிறந்தது. அது பிரெஞ்சு மொழியில் வழங்கியபோது, சரியானது, நேரியது என்று பொருள்படும் 'ஜுஸ்த்' என்ற சொல்லோடு ஒலியால் மயங்கி, சரியாகப் பொருத்துதல் என்ற கருத்தையும் ஏற்றுக்கொண்டது. இன்றைய ஆங்கிலத்தில் ஓங்கி நிற்பது இந்தக் கருத்தே.

தமிழில் இதற்கு ஒற்றைச் சொல் தேட வேண்டியதில்லை. செயலுக்கேற்ற வினைகள் நம்மிடம் முன்பே இருக்கின்றன. வண்டியின் பக்கக் கண்ணாடியைச் சரிசெய்கிறோம். கொடுத்த முன்பணத்தை வாடகையில் கழித்துக்கொள்கிறோம். கணக்குப்பதிவியல் பாடநூல் 'சரிக்கட்டுப் பதிவுகள்' என்று நல்ல தமிழில் எழுதுகிறது. தையற்கடையில் இன்னும் நுட்பம்: ரவிக்கை தொளதொளவென்று இருந்தால் 'பிடித்துக் கொடுங்கள்' என்கிறோம், இறுக்கமாக இருந்தால் 'பிரித்துவிடுங்கள்' என்கிறோம். 'அட்ஜஸ்ட் பண்ணுங்கள்' என்று மட்டும் சொன்னால், எந்தப் பக்கம் என்று தையற்காரர் மறுபடி கேட்டாக வேண்டும்.

மனிதருக்கிடையே வரும்போதுதான் சொல்லைக் கவனமாகத் தேர வேண்டும். பலரும் எழுதும் 'அனுசரி' வடமொழியிலிருந்து வந்தது. பின்தொடர்ந்து செல்லுதல் என்பதே அதன் அடிப்படை. ஆகவே புகுந்த வீட்டுக்குச் செல்லும் பெண்ணிடம் 'அனுசரித்துப் போ' என்னும்போது, முன்னே நடப்பவர் வேறொருவர் என்று முடிவாகிவிடுகிறது. 'அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்' என்பதிலும் 'கொள்' என்னும் துணைவினை முழுச் சுமையையும் கேட்பவர் தலையிலேயே ஏற்றுகிறது. இருவரும் இணங்க வேண்டிய இடத்தில் 'ஒத்துப்போங்கள்' என்பதே பொருத்தம். ஒருவர் மட்டும் தம் விருப்பத்தைக் கைவிட வேண்டியிருந்தால், 'விட்டுக்கொடு' என்றே வெளிப்படையாகக் கேட்கலாம். அவர் ஒன்றை இழக்கிறார் என்பதை அந்தச் சொல் மறைப்பதில்லை.