கடலூரில் வீடு பார்க்கும் கிருஷ்ணகிரிக்காரர் முதலில் கேட்க வேண்டியது

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் மனை பார்க்கப் போனால் விலைக்கு முன்னாலேயே ஒரு கேள்வி வந்துவிடும்: "போர் எத்தனை அடி போகணும்?" ஆயிரம் அடி இறக்கியும் வெறும் புழுதி வந்த கதை இங்கே எந்தத் தெருவிலும் கிடைக்கும். வேலைக்காகவோ பிள்ளைகள் படிப்புக்காகவோ கடலூரில் குடியேற நினைக்கும் நம்மூர்க் குடும்பம் இதே கேள்வியைத்தான் அங்கேயும் கொண்டு போகிறது. ஆனால் அங்கே நிலம் வேறு மாதிரி. இன்னும் கொஞ்சம் ஆழம் போனால் நல்ல தண்ணீர் வரும் என்ற நம்பிக்கையைக் கடற்கரையில் அப்படியே நம்பக் கூடாது.

நம்மூரில் அந்த நம்பிக்கை எப்படி வந்தது? இங்கே காலுக்கடியில் இருப்பது கருங்கல்லும் நைஸ் (gneiss) எனப்படும் கடினப் பாறையும். மேலே இற்றுப்போன மண்ணடுக்கு கொஞ்சம். அதற்குக் கீழே பாறை வெடிப்புகளில் மட்டும்தான் நீர் ஓடும். வெடிப்பு மாட்டினால் தண்ணீர், மாட்டாவிட்டால் காசு போச்சு. ஆழம் கூடக் கூட இன்னொரு வெடிப்பு மாட்டும் வாய்ப்பும் கூடுகிறது, அவ்வளவுதான். அப்படிக் கிடைக்கும் நீர் பாறையோடு நெடுங்காலம் ஒட்டிக் கிடந்த நீர் என்பதால், அளவு மீறினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃப்ளூரைடு அதில் கரைந்திருக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் வந்ததே அதற்காகத்தான்.

கடலோரத்தில் பாறை கைக்கெட்டும் ஆழத்தில் இல்லை. மணல், களிமண், மணற்பாறை என்று அடுக்கடுக்காகப் படிந்த நிலம். மணலில் எங்கே தோண்டினாலும் துளைகளுக்குள் நீர் நிற்கும். தண்ணீர் கிடைக்குமா என்பது அங்கே பிரச்சினையே இல்லை. எந்தத் தண்ணீர் என்பதுதான். நிலத்துப் பக்கமிருந்து மழைநீர் கடலை நோக்கி மெல்ல நகர்கிறது, கடல் பக்கமிருந்து உப்புநீர் மணலுக்குள் நுழைகிறது. கடல்நீர் நல்ல தண்ணீரைவிட சுமார் 2.5 சதவீதம் கனமானது. அதனால் உப்புநீர் கீழே ஆப்பு போல நுழைய, நல்ல தண்ணீர் அதன்மேல் மிதக்கிறது.

இந்தச் சிறிய எடை வித்தியாசத்துக்குள் ஒரு பெரிய கணக்கு இருக்கிறது. கைபன், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டித் தனித்தனியாகக் கண்டுபிடித்தது. நிலத்தடி நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீட்டர் வரை நல்ல தண்ணீர் நிற்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. திருப்பிப் படியுங்கள்: தெருவெல்லாம் மோட்டார் போட்டு நீர்மட்டத்தை அரை மீட்டர் இறக்கினால், கீழே உப்பின் எல்லை நாளடைவில் 20 மீட்டர் மேலேறும். அந்த நிலையில் ஆழப்படுத்துவது உப்பைத் தேடிப் போவதற்குச் சமம். உப்பு எவ்வளவு கலந்தால் கெடும்? கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 19,000 மில்லிகிராம் குளோரைடு. குடிநீருக்கு இந்தியத் தர அளவு 250. ஐம்பது குடம் நல்ல தண்ணீரில் ஒரு குடம் கடல்நீர் சேர்ந்தாலே அளவு தாண்டிவிடும்.

கடலை ஒட்டிய மணல்மேட்டில் கையால் ஊற்றுத் தோண்டினால் நல்ல தண்ணீர் வருவதும் இதே கணக்கில்தான். மேடு மழையை உறிஞ்சி நீர்மட்டத்தைச் சற்றே உயர்த்தி வைக்கிறது. அந்த மேட்டை வெட்டிச் சமன்படுத்தி மனை போட்டவர் விற்பது மணலை மட்டுமல்ல, ஊற்றையும் சேர்த்துத்தான்.

இதற்கு விலக்கும் உண்டு, கடலூரில் அது முக்கியம். ஊருக்கு அடியில், நெய்வேலி வரை, கடலூர் மணற்பாறை என்றே பெயர் பெற்ற அடுக்கு இருக்கிறது. களிமண் மூடிய அதன் ஆழ்ந்த பகுதிகளில், மேலே உவர்நீர் இருந்தாலும் கீழே நல்ல நீர் அழுத்தத்தோடு இருக்கலாம். அதனால் எத்தனை அடி என்பதோடு எந்த அடுக்கிலிருந்து என்றும் கேளுங்கள். பக்கத்து வீட்டுப் போர்த் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள், அதுவும் வடகிழக்கு மழை பிடிப்பதற்கு முன்பு. மார்கழியில் எல்லாக் கிணறும் நல்ல கிணறுதான். சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் என்றால் உப்பை மட்டும் சோதித்தால் போதாது, ஆலைக் கழிவு கலந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம் வெள்ளம். கடலோரம் என்றதும் எல்லோருக்கும் சுனாமி பயம். 2004 டிசம்பர் 26 அன்று கடலூர்க் கடற்கரையிலுள்ள தேவனாம்பட்டினம் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு அது நியாயமான பயம். ஆனால் அடிக்கடி வீட்டுக்குள் வருவது நிலத்துப் பக்கத்து வெள்ளம். கிருஷ்ணகிரிக்காரருக்கு இதைச் சொல்லும்போது கொஞ்சம் சங்கடம்: அந்தத் தண்ணீர் நம்மூர்த் தண்ணீர். கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையைத் தாண்டும் தென்பெண்ணை, சாத்தனூர் அணை வழியாகப் போய்க் கடலூருக்கு அருகேதான் கடலில் கலக்கிறது. 2024இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறி உள்ளே நகர்ந்தபோது ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் கொட்டியது. பாம்பாறு வழியாக அது தென்பெண்ணைக்குப் போனது. சாத்தனூரில் நொடிக்கு ஒன்றரை லட்சம் கனஅடிக்கு மேல் திறந்தார்கள். கடலூர்க் கரையோரக் குடியிருப்புகள் மூழ்கின.

முகத்துவாரத்தில் இன்னொரு சிக்கல். கடலை நெருங்க நெருங்க ஆற்றுக்குச் சரிவே இருக்காது. அலை அடித்துச் சேர்த்த மணல்திட்டு ஒரு பக்கம், புயல் காற்று தள்ளி உயர்த்திய கடல் ஒரு பக்கம் என்று இரண்டும் சேர்ந்தால் ஆற்று நீர் போக வழியில்லாமல் பின்வாங்கும். தென்பெண்ணை, கெடிலம், உப்பனாறு என்று பல ஆறுகள் இறங்கும் ஊரில் கடற்கரையிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பதைவிட, ஆற்றங்கரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதுதான் கேள்வி. என்னைக் கேட்டால், பீச்சுக்கு நடந்து போகும் தூரம் என்று விற்கப்படும் தாழ்வான மனையைவிடக் கடலூரை ஒட்டிய கேப்பர் மலைப் பக்கத்து மேட்டு நிலம் மேல். கடல் பார்க்க ஞாயிற்றுக்கிழமை பஸ் இருக்கிறது.

சட்டமும் ஒரு கோடு போட்டிருக்கிறது. உச்ச ஓதக் கோட்டிலிருந்து, அதாவது கடல் ஏற்றத்தில் நீர் எட்டும் உச்ச எல்லையிலிருந்து, 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம். ஓதம் ஏறும் ஆறுகளின் கரைக்கும் தனி அளவு உண்டு. மனை அந்த வரைபடத்தில் எங்கே விழுகிறது என்று பார்க்காமல் முன்பணம் தர வேண்டாம்.

உப்புக் காற்று கடைசி. அதன் கடுமை கடலை ஒட்டிய முதல் சில நூறு மீட்டரில்தான் அதிகம். சிமெண்டுக்குள் இருக்கும் கம்பியை ஒரு மெல்லிய படலம் காக்கிறது. குளோரைடு உள்ளே இறங்கி அதை உடைத்துவிடும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் கான்கிரீட் உள்ளிருந்தே வெடிக்கும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456இன்படி சாதாரண இடத்தில் கம்பிக்கு மேல் 20 மில்லிமீட்டர் மூடினால் போதும், கடற்காற்று படும் இடத்தில் 45 வேண்டும். நம்மூர் மேஸ்திரி பழக்கத்தில், கம்பிக்கு அந்த இடைவெளி விடும் கவர் பிளாக்கைச் சின்னதாகவே வைப்பார், பக்கத்தில் நின்று பாருங்கள். கட்டிய வீடு வாங்குவதானால் கடல் பக்கத்துச் சன்ஷேடின் அடியைப் பாருங்கள். கம்பி ஓடும் வரிசையில் நேர்கோடாக விரிசலோ, அதன்மேல் மட்டும் புதுப் பூச்சோ தெரிந்தால் விலையைக் குறைத்துக் கேட்பதில் பயனில்லை. வேறு வீடு பாருங்கள்.