கடனட்டைப் பதிவேட்டுக்குள் புகுந்த காசு

வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடைக்கு நாங்கள் எழுதிக் கொடுத்த விற்பனை மென்பொருள், ஒரு சனிக்கிழமை இரவு கணக்கு முடிக்கும் நேரத்தில் நின்றுபோனது. கடனட்டையின் கடைசி 4 இலக்கங்களை அச்சிடும் வரியில், இல்லாத இலக்கத்தைப் படிக்க முயன்றதாகப் பிழை காட்டியது. மென்பொருளை எழுதிய நிரல் மொழியான டைப்ஸ்கிரிப்டின் கடுமையான சோதனைகள் அனைத்தையும் இயக்கித்தான் வைத்திருந்தோம். நிரலை ஓட்டுமுன் சோதித்து மாற்றித்தரும் கம்பைலர் ஓர் எச்சரிக்கைகூடத் தரவில்லை. காசாளர் அன்றைய பற்றுச்சீட்டுகளைக் கையால் கூட்டி முடிக்க இரவு 10 மணி தாண்டிவிட்டது.

எங்களிடம் 'பதிவேடு' என்றொரு ஜெனரிக் கிளாஸ், அதாவது வேண்டிய தரவு வகைக்குப் பொருத்திக்கொள்ளும் அச்சு, இருந்தது. அதன் 'சேர்' என்ற மெத்தட் (கிளாஸுக்குள் எழுதப்படும் செயல்), எந்த வகைக்காகப் பதிவேடு உருவாக்கப்பட்டதோ அந்த வகையை மட்டுமே வாங்கும். கடனட்டைப் பதிவேடு அந்த மெத்தட்டை மரபுரிமையாகப் பெற்றிருந்தது. நாளிறுதிக் கணக்கை முடிக்கும் பங்ஷனோ (அழைத்தால் ஒரு வேலையைச் செய்யும் நிரல்துண்டு) பொதுவான கொடுப்பனவுப் பதிவேடு ஒன்றைக் கேட்டு, சில்லறை மீதியைக் காசுக் கொடுப்பனவாக அதில் சேர்த்துவிடும். அதனிடம் கடனட்டைப் பதிவேட்டை நீட்டியவன் நான்.

கடனட்டைக் கொடுப்பனவு எதுவும் ஒரு கொடுப்பனவுதான் என்பதால், பதிவேட்டிலிருந்து எடுத்துப் படிக்கும்வரை இந்த மாற்றீட்டில் தவறில்லை. ஆனால் உள்ளே போடும்போது நியாயம் தலைகீழாகிறது: எந்தக் கொடுப்பனவையும் ஏற்பேன் என்று வாக்களித்த இடத்தில், கடனட்டையை மட்டும் ஏற்கும் ஒன்று நிற்கிறது. ஜாவா மொழியில் 2004இல் ஜெனரிக்ஸ் வந்தபோதே இந்த மாற்றீட்டுக்கு இடமளிக்கவில்லை.

டைப்ஸ்கிரிப்ட் 2017இல், 2.6 பதிப்பில், பங்ஷன்களின் உள்ளீட்டு வகைகளைக் கடுமையாகச் சோதிக்கத் தொடங்கியது. எனினும் மெத்தட்டாக அறிவிக்கப்பட்டவற்றுக்கு வேண்டுமென்றே விலக்களித்தது; எங்கள் 'சேர்' சோதனையில் சிக்காமல் தப்பியது அதனால்தான். அந்த விலக்கு இல்லாவிட்டால், நாய்களின் வரிசையை விலங்குகளின் வரிசையாகக் கொடுக்கும் அன்றாட நிரல்கள்கூடத் தடைப்பட்டிருக்கும். முழுமையாகப் பிழையற்ற வகைமுறை தங்கள் இலக்கன்று என்று அம்மொழியின் வடிவமைப்புக் குறிப்பே சொல்கிறது. அந்தத் தெரிவை நான் குறைகூறவில்லை. கொழும்பில் புதிதாக வேலைக்குச் சேரும் தம்பி தங்கைகளிடம் இதை முதல் வாரத்திலேயே எவரும் சொல்லிவைப்பதில்லை என்பதுதான் என் கவலை.

திருத்தம் சிறியது. கேட்கும் பக்கத்தில் ஓர் இன்டர்ஃபேஸ் (வருவதில் என்னென்ன இருக்கவேண்டும் என்ற பட்டியல்) எழுதி, அதில் 'சேர்' என்பதை மெத்தட்டாக அல்லாமல் பங்ஷன் வகை கொண்ட ப்ராப்பர்ட்டியாக, அதாவது ஒரு பங்ஷனை மதிப்பாக வைத்திருக்கும் புலமாக, அறிவித்தால் போதும். கொடுக்கப்படும் கிளாஸில் அது மெத்தட்டாகவே இருந்தாலும் கம்பைலர் கடுமையாகச் சோதிக்கும். ஆனால் கிளாஸுக்குள்ளேயே இப்படி மாற்ற வேண்டாம். மாற்றினால், மரபுரிமை பெறும் பிள்ளை கிளாஸ் தாய் கிளாஸின் மெத்தட்டை 'சூப்பர்' என்ற சொல்லின் மூலம் அழைக்க முடியாமற்போகும். இந்த நடையை வலியுறுத்த நிரலின் நடையைச் சோதிக்கும் இஎஸ்லின்ட் கருவியிலும் ஒரு விதியைச் சேர்த்துக்கொள்ளலாம்.

திங்கட்கிழமை அப்படி மாற்றிக் கம்பைல் செய்தபோது நான் எழுதிய வரியில் சிவப்புக் கோடு விழுந்தது. கூடவே, பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் பகுதியிலும் ஒரு கோடு விழுந்தது. அந்தப் பகுதியைக் கடையில் அதுவரை யாரும் பயன்படுத்தியிருக்கவில்லை.