ஃபோரம் படிக்கச் செயலியா, பிரவுசரா?

போனில் ஒரு சந்தேகத்தைத் தேடினால், அதே சந்தேகத்தை யாரோ எப்போதோ ஒரு ஃபோரத்தில், அதாவது பலர் கூடி விவாதிக்கும் இணையத்தளத்தில், கேட்டிருப்பது முதல் பக்கத்திலேயே வந்து நிற்கும். ரெடிட், ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, ஆண்ட்ராய்டு போன்களுக்கான எக்ஸ்டிஏ என்று இடம் மாறலாம். லிங்கைத் தொட்டதும் சில தளங்களில் பாதித் திரையை மறைத்தபடி 'செயலியில் திறக்கவும்' என்று ஒரு பட்டை எழும். பலர் யோசிக்காமல் அதை அழுத்திவிடுகிறார்கள். ஒரே ஒரு பதிலைப் படிக்க வந்தவர் செயலியை நிறுவி, கணக்கு தொடங்கி, அறிவிப்புக்கு அனுமதியும் கொடுத்த பிறகுதான் அந்தப் பதிலைப் பார்க்கிறார்.

எங்கள் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். படிக்கவும் தேடவும் பிரவுசர் போதும், பல நேரங்களில் அதுதான் மேலும் வசதி. உங்கள் கேள்விக்கு வரும் பதிலை உடனுக்குடன் பார்க்க வேண்டியிருந்தாலோ, ஒரு குழுவை நிர்வகிக்கும் பொறுப்பு இருந்தாலோ செயலி பயன்படும். அப்போதும் அந்தத் தளமே வெளியிட்ட செயலியாக இருக்க வேண்டும். தளத்தின் சொந்தப் பக்கத்தில் உள்ள லிங்க் வழியாக பிளே ஸ்டோருக்குப் போங்கள். ஸ்டோரில் பெயரைத் தட்டித் தேடினால் அதே பெயரிலும் அதே நிறத்திலும் வேறு செயலிகள் கலந்து வரும்.

செயலி என்று நாம் நிறுவுவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, போனுக்கென்றே எழுதப்பட்டது. மற்றது, அதே இணையப் பக்கத்தை வெப்வியூ என்ற உட்பெட்டிக்குள் திறந்து காட்டுவது. சிறிய ஃபோரங்களின் செயலிகளில் பல இந்த இரண்டாம் வகைதான். ஒரு இழையை (ஒரு கேள்வியும் அதற்கு வந்த பதில்களும்) திறக்கும்போது பக்கம் வெள்ளையாகி மெல்ல நிரம்பினால், இணையத்தைத் துண்டித்ததும் பிரவுசரில் வருவது போன்ற பிழைப் பக்கம் வந்தால் அது வெப்வியூவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதனால் புதிதாக எதுவும் கிடைப்பதில்லை. கைவிட்டுப் போவது மட்டும் ஒன்று உண்டு: முகவரிப் பட்டை. பாஸ்வேர்ட் கேட்கும் பக்கம் உண்மையிலேயே அந்தத் தளத்துடையதா என்று பார்க்க உங்களுக்கு இருந்த எளிய வழி அதுதான்.

இதே சிக்கல் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற செயலிகளுக்குள் வரும் ஃபோரம் லிங்குகளில் இன்னும் கடுமையாகிறது. அங்கே லிங்கைத் தொட்டால் உங்கள் குரோமோ சஃபாரியோ திறப்பதில்லை, அந்தச் செயலியின் உள் பிரவுசர்தான் திறக்கிறது. 2022 ஆகஸ்டில் ஃபெலிக்ஸ் க்ராவ்ஸே என்ற டெவலப்பர், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் செயலிகள் இப்படித் திறக்கும் பிற தளங்களின் பக்கங்களில் தங்கள் ஜாவாஸ்கிரிப்ட் நிரலைச் சேர்ப்பதைக் காட்டினார். டிக்டாக்கின் உள் பிரவுசரில் ஒவ்வொரு தட்டச்சையும் கவனிக்கக்கூடிய நிரல் இருந்ததையும் அவர் காட்டினார். அதை வைத்து எதையாவது சேகரித்தார்கள் என்பதற்கு அது சான்றல்ல, டிக்டாக்கும் அதை மறுத்தது. ஆனால் நீங்கள் பாஸ்வேர்ட் தட்டும் பக்கத்தில் இன்னொரு நிறுவனத்தின் நிரல் ஓட முடியும் என்பதே எச்சரிக்கையாக இருக்கப் போதுமான காரணம்.

அன்றாடத்தில் இது வேறு மாதிரி தெரியும். லாகினை நினைவில் வைக்கும் குக்கீகள் உள் பிரவுசருக்குத் தனி என்பதால், குரோமில் ஏற்கெனவே லாகின் ஆகியிருந்தாலும் இங்கே புதியவராகத்தான் தெரிவீர்கள். 'கூகுள் கணக்கு மூலம் நுழைக' என்பதை அழுத்தினால் 403 பிழை வரலாம். அது உங்கள் கணக்கின் கோளாறு அல்ல. உட்பெட்டிக்குள்ளிருந்து வரும் லாகின்களை கூகுள் 2021 முதல் வேண்டுமென்றே தடுக்கிறது. இந்த இடத்தில்தான் பலர் பொறுமையிழந்து, மனப்பாடமாக உள்ள பழைய பாஸ்வேர்டைத் தட்டிப் பார்க்கிறார்கள். செய்ய வேண்டியது எளிது: மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு 'வெளி பிரவுசரில் திற' என்பதைத் தேர்ந்தெடுங்கள். லாகின் எப்போதும் அங்கேதான்.

அறிவிப்புகளுக்கு வருவோம். செயலியை நிறுவ பெரும்பாலோர் சொல்லும் காரணம் இதுவே, அதிகம் ஏமாற்றம் தருவதும் இதுவே. ஆண்ட்ராய்டில் அறிவிப்புகள் வழக்கமாக கூகுளின் ஃபயர்பேஸ் சேவை வழியாக வருகின்றன. செயலி 'ஃபோர்ஸ் ஸ்டாப்' நிலைக்குத் தள்ளப்பட்டிருந்தால், நீங்கள் மறுபடி திறக்கும்வரை அதற்கு எதுவும் வராது. பேட்டரியை மிச்சப்படுத்துகிறோம் என்று சில நிறுவனங்களின் போன்கள் பின்னணிச் செயலிகளைக் கடுமையாக நிறுத்திவிடுகின்றன. காலையில் வந்த பதில் மாலையில் செயலியைத் திறக்கும்போது மொத்தமாகக் கொட்டுவது இதனால்தான். செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய், அந்தச் செயலியின் பேட்டரிப் பிரிவில் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' என்று வையுங்கள். 'ஆட்டோஸ்டார்ட்' என்ற தேர்வு உங்கள் போனில் இருந்தால் அதையும் இயக்குங்கள். கிளீனர், பூஸ்டர் என்ற பெயரில் ஏதாவது நிறுவியிருந்தால் நீக்கிவிடுங்கள்.

இதற்கு நேர்மாறான தொல்லை, தேவையில்லாத அறிவிப்புகள். 'உங்களுக்குப் பிடிக்கலாம்', 'இன்று அதிகம் பேசப்படுவது' என்று செயலி அனுப்புபவை உங்களைத் திரும்ப உள்ளே இழுக்க மட்டுமே. இவற்றுக்குப் பயந்து எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டாம். ஆண்ட்ராய்டு 8 முதல் அறிவிப்புகள் வகைவகையாகப் பிரிந்துள்ளன. வந்த அறிவிப்பையே அழுத்திப் பிடித்தால் அந்த வகையை மட்டும் நிறுத்தலாம். செயலியின் உள்ளே இருக்கும் அறிவிப்புப் பக்கத்தில், உங்கள் பதிவுக்கு வரும் பதில், நேரடிச் செய்தி ஆகிய இரண்டை மட்டும் விட்டு மற்றதை அணையுங்கள்.

பிரவுசரிலும் அறிவிப்பு வரும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஆண்ட்ராய்டு குரோமில் தளம் அனுமதி கேட்கும், கொடுத்தால் செயலியைப் போலவே அறிவிப்பு வரும். ஐபோனில் இதற்கு ஐஓஎஸ் 16.4 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும். சஃபாரியில் பகிர்வுப் பொத்தானைத் தொட்டு, 'ஆட் டு ஹோம் ஸ்கிரீன்' கொடுத்துத் தளத்தை முகப்புத் திரையில் சேர்த்து, அங்கிருந்து திறந்த பிறகே அனுமதி கேட்கும். டிஸ்கோர்ஸ் என்ற ஃபோரம் மென்பொருளில் இயங்கும் தளங்கள் இப்படிச் சேர்த்தால் ஏறக்குறைய செயலியைப் போலவே நடந்துகொள்ளும்.

இந்த வசதியை மோசடிக்காரர்களும் பயன்படுத்துகிறார்கள். 'நீங்கள் ரோபோ அல்ல என்று நிரூபிக்க அலவ் அழுத்தவும்' என்று ஒரு பக்கம் சொன்னால் உடனே வெளியேறுங்கள். அழுத்திவிட்டால், 'உங்கள் போனில் வைரஸ்' என்பது போன்ற விளம்பரங்கள் அறிவிப்பாக வரத் தொடங்கும். வைரஸ் எதுவும் நுழைந்திருக்காது, ஒரு அனுமதி மட்டுமே போயிருக்கும். குரோமின் செட்டிங்ஸில் 'சைட் செட்டிங்ஸ்', அதற்குள் 'நோட்டிஃபிகேஷன்ஸ்' என்று போனால் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். தெரியாத பெயர்களை நீக்குங்கள். இதைச் சரிசெய்யப் போனை ஃபேக்டரி ரீசெட் செய்ய வேண்டியதே இல்லை.

உண்மையில் அறிவிப்பே தேவையில்லாத வாசகர்கள்தான் அதிகம். டிஸ்கோர்ஸில் ஒவ்வொரு இழையின் அடியிலும் 'வாட்சிங்', 'டிராக்கிங்', 'நார்மல்', 'மியூட்டட்' என்ற நிலைகள் உண்டு. முக்கியமான இழையை மட்டும் 'வாட்சிங்' என்று வைத்தால், நீங்கள் தளத்தில் இல்லாதபோது வரும் பதில்கள் மின்னஞ்சலில் வரும். இன்னொரு வழி ஆர்.எஸ்.எஸ். ஊட்டம், அதாவது ஒரு தளத்தின் புதிய பதிவுகளைத் தொடர்ந்து தரும் பட்டியல். டிஸ்கோர்ஸ் இழை, ரெடிட் குழு ஆகியவற்றின் முகவரிக்குப் பின்னால் ஒரு புள்ளியும் ஆர், எஸ், எஸ் என்ற மூன்று ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் சேர்த்தால் ஊட்டம் கிடைக்கும். பிஎச்பிபிபி என்ற மென்பொருளில் இயங்கும் ஃபோரங்களில் நிர்வாகி அதை இயக்கி வைத்திருக்க வேண்டும். அந்த முகவரியை ஆண்ட்ராய்டில் ஃபீடர், ஐபோனில் நெட்நியூஸ்வயர் போன்ற படிப்பானில் ஒட்டிவிட்டால், கணக்கே இல்லாமல் பத்து ஃபோரங்களை ஒரே இடத்தில் படிக்கலாம். எந்த இழையை மேலே காட்டுவது என்று யாரும் உங்களுக்காக முடிவெடுக்க மாட்டார்கள், வந்த வரிசையிலேயே இருக்கும். நாங்கள் அதிகம் பரிந்துரைப்பது இதைத்தான்.

தளமே வெளியிடாமல் பிறர் உருவாக்கும் மூன்றாம் தரப்புச் செயலிகளைப் பற்றி 2023 ஒரு பெரிய பாடம். ரெடிட்டை அதன் சொந்தச் செயலியைவிட அழகாகக் காட்டிய அப்பல்லோ ஐபோனில் பெரும் வரவேற்பு பெற்றிருந்தது. அவ்வாண்டு ரெடிட், பிற செயலிகள் தன்னிடமிருந்து தகவல் பெறும் வழியான ஏபிஐக்குக் கட்டணம் அறிவித்தது. அப்படித் தகவல் கேட்கும் 5 கோடி அழைப்புகளுக்கு 12,000 டாலர் கேட்கப்பட்டதாகவும், அந்தக் கணக்கில் ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர் ஆகும் என்றும் அப்பல்லோவை உருவாக்கியவர் சொன்னார். ஜூன் 12 அன்று ஆயிரக்கணக்கான குழுக்கள் எதிர்ப்புத் தெரிவித்துக் கதவடைத்தன. ரெடிட் பின்வாங்கவில்லை. ஜூன் 30 அன்று அப்பல்லோ மூடப்பட்டது. பார்வைக் குறைபாடுள்ளோருக்கு உதவும் ரெட்ரீடர் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு கிடைத்தது. பிரவுசரில் படித்தவர்களுக்கு அந்த வாரம் தங்கள் பக்கக்குறிகளை இழக்க வேண்டியிருக்கவில்லை. நீங்கள் சேமித்து வைப்பவை ஒரு செயலிக்குள் மட்டுமே இருந்தால், அதன் ஆயுள்தான் அவற்றின் ஆயுளும்.

பல ஃபோரங்களை ஒன்றாகக் காட்டும் டாப்பாடாக் போன்றவற்றில் வேறு கேள்வி எழுகிறது. உங்களுக்கும் ஃபோரத்துக்கும் நடுவில் மூன்றாவது நிறுவனம் ஒன்று உட்காருகிறது, ஃபோரத்தின் பாஸ்வேர்டை அதனிடம் தர வேண்டியிருக்கிறது. தர முடிவு செய்தால், வேறெங்கும் பயன்படுத்தாத பாஸ்வேர்டாக இருக்கட்டும். பழைய ஃபோரங்களில் பதிவுகளின் கீழே 'என் இன்ன மாடல் போனிலிருந்து டாப்பாடாக் வழியாக அனுப்பியது' என்ற பொருளில் ஆங்கில வரி ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எழுதியவருக்குத் தெரியாமலேயே போனின் மாடலை ஊருக்குச் சொல்லும் கையொப்பம் அது. கையொப்பத்தைச் செட்டிங்ஸில் அணைத்துவிட்டுப் பிறகு எழுதுங்கள்.

பிரவுசரைத் தேர்ந்தெடுத்தால் அதைக் கொஞ்சம் தயார்செய்ய வேண்டும். ஆண்ட்ராய்டில் குரோம், கூடுதல் வசதி தரும் நீட்சிகளை (எக்ஸ்டென்ஷன்) ஏற்பதில்லை. ஃபயர்ஃபாக்ஸ் ஏற்கும். அதில் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானை நிறுவினால் விளம்பரங்களும் பின்தொடரும் நிரல்களும் பெரிதும் குறையும், பழைய போனிலும் பக்கம் வேகமாக வரும். செயலியும் போனில் இருந்தால், பிரவுசரில் லிங்கைத் தொட்டதும் அது குறுக்கே வந்து திறக்கும். அதைத் தடுக்க செட்டிங்ஸில் அந்தச் செயலிக்குப் போய், 'ஓப்பன் பை டிஃபால்ட்' பகுதியில் 'ஓப்பன் சப்போர்ட்டட் லிங்க்ஸ்' என்பதை அணையுங்கள். நீண்ட இழையில் ஒரு சொல்லைத் தேட 'ஃபைண்ட் இன் பேஜ்' இருக்கிறது. ஆனால் திரையில் ஏற்றப்பட்ட பகுதியில் மட்டும்தான் அது தேடும். கீழே போகப் போக நிரம்பும் பக்கங்களிலும் பல பக்கங்களாகப் பிரிந்த இழைகளிலும் ஃபோரத்தின் சொந்தத் தேடலையே பயன்படுத்துங்கள்.

எழுதுவதில் பிரவுசருக்கு உண்மையான பலவீனம் ஒன்று உண்டு. நினைவகம் குறைந்த போனில், பாதி பதிலை எழுதிவிட்டு வேறு செயலியில் எதையோ பார்த்துத் திரும்பினால், குரோம் அந்த டேபைக் கைவிட்டிருக்கும். பக்கம் புதிதாக ஏறும், எழுதியது போயிருக்கும். ஃபோரம் மென்பொருள்களில் டிஸ்கோர்ஸும் ஜென்ஃபோரோவும் வரைவைத் தானாகச் சேமிக்கும், பிஎச்பிபிபியில் 'சேவ் டிராஃப்ட்' பொத்தானை நீங்கள்தான் அழுத்த வேண்டும். நான்கு வரிக்கு மேல் எழுதுவதாக இருந்தால் குறிப்புச் செயலியில் எழுதி ஒட்டுவதே நல்லது.

படம் சேர்க்கும்போது, கேமரா பதிந்த இடக்குறிப்பு அதற்குள் இருக்கலாம். பெரிய தளங்கள் பெரும்பாலும் அதை அழிக்கின்றன, சிறிய ஃபோரங்களை அப்படி நம்ப வேண்டாம். படத்தைத் திரையில் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதைப் பதிவேற்றினால் இடக்குறிப்பு போகாது. செயலியாக இருந்தால் எல்லாப் படங்களுக்கும் அனுமதி தராதீர்கள். ஆண்ட்ராய்டு 14 முதல் தேர்ந்தெடுத்த படங்களை மட்டும் தரலாம். தொடர்புப் பட்டியல், எஸ்எம்எஸ், இருப்பிடம் ஆகியவை ஃபோரம் படிக்க ஒருபோதும் தேவையில்லை.

பிரவுசருக்கு மாறிவிட்டால் எல்லாம் மறைந்துவிடும் என்று எண்ணவும் கூடாது. ஆண்ட்ராய்டில் உள்ள ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் செயலிகள் போனுக்குள்ளேயே ஒரு வழியைத் திறந்து வைத்து, பிரவுசரில் நீங்கள் பார்க்கும் தளங்களில் உள்ள அவற்றை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் பிக்ஸல் என்ற பின்தொடரும் நிரலிடமிருந்து உங்களை இனங்காட்டும் குறியைப் பெற்றுவந்ததை 2025 ஜூனில் ஐரோப்பிய ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். பார்த்த பக்கங்களின் வரலாற்றைப் போனில் வைக்காத இன்காக்னிட்டோ முறையில் படித்தவர்களும் இதிலிருந்து தப்பவில்லை. செய்தி வெளிவந்ததும் மெட்டா அதை நிறுத்தியது. உடல்நலம், கடன், குடும்பச் சிக்கல் பற்றிய ஃபோரங்களைப் படிப்பவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். வீட்டில் ஒரே போனைப் பலர் பயன்படுத்தும்போது இன்னும் எளிய கசிவு ஒன்று இருக்கிறது: பூட்டுத் திரையில் வரும் அறிவிப்பு இழையின் தலைப்பை அப்படியே காட்டும். அத்தகைய ஃபோரத்தின் செயலியை நிறுவாதீர்கள். வீட்டில் மற்றவர் கண்ணில் வரலாறு படாமலிருக்க இன்காக்னிட்டோவில் படித்து, முடித்ததும் டேபை மூடிவிடுங்கள்.

ஒரு செயலியை விட்டு விலகும்போது, அதை அன்இன்ஸ்டால் செய்தால் கணக்கு போவதில்லை. முதலில் பிரவுசரில் அந்தத் தளத்துக்குள் போய், உங்கள் கணக்கோடு இணைத்த மூன்றாம் தரப்புச் செயலிகளின் அனுமதியை நீக்குங்கள். எல்லாச் சாதனங்களிலும் வெளியேறும் தேர்வு இருந்தால் அதையும் செய்யுங்கள். ரெடிட்டில் கணக்கை நீக்கினாலும் பதிவுகள் பெயரில்லாமல் அங்கேயே இருக்கும். கணக்கு போன பிறகு அவற்றை நீங்கள் அழிக்க முடியாது. ஆகவே அழிக்க நினைக்கும் பதிவுகளை முதலில் அழித்து, அதன் பிறகு கணக்கை நீக்கி, கடைசியாகச் செயலியை எடுங்கள்.